துண்டுக்குள் பேசி முடித்த பல்

செத்துப்போனவர் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள். நான் வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். மீனாட்சிபுரத்தில் என் பல் கிளினிக்குக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டாக்டரம்மா, மூணு தடவையெல்லாம் வர முடியாதுங்க, ரெண்டா முடிச்சுப்போடுங்க" என்று யாராவது சொன்னால் போதும், அந்த மனிதரின் முகம் முன்னால் வந்து நிற்கும். அடுத்த பத்து நிமிடம் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். என்னிடம் வேலை செய்யும் ப்ரீதா சேச்சிக்கு இது பழகிப்போனது. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுவார், வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடிவிடக் கூடாதென்று.

அவர் மாட்டுத் தரகர். பெயர் இல்லாமலா இருக்கும்? என் கிளினிக் நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 'தரகர்' என்றால் கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவர்தான். அறுபது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கை வரை சுருட்டிய சட்டை, தோளில் பச்சைக் கரை போட்ட பெரிய துண்டு. சோற்றுத் தட்டை மறந்தாலும் துண்டை மறக்க மாட்டார். அதுதான் அவருடைய தொழில்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையோடு கை சேர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்று விரலென்றால் மூன்று. முழுக் கையையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினால் ஐந்து. இரண்டு அமுக்கு பத்து. எதிராளிக்குக் கட்டுப்படி ஆகவில்லையென்றால் விரலை மடக்கிக் குறைப்பார். சுற்றி இருபது பேர் நின்றாலும் உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அவரிடம் இருந்த ஒரே நோய் இந்தக் குறைக்கிற நோய்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒன்றைக் குறைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பஸ்ஸில் நடத்துனரிடம் ஒரு நிறுத்தத்தைக் குறைத்து டிக்கெட் கேட்பார். கல்யாண வீட்டில் இலையில் விழும் ஜிலேபியைக்கூட, "ரெண்டு வேண்டாமுங்க, ஒண்ணு போதுமுங்க" என்று பேரம் பேசித்தான் சாப்பிடுவார். அதோடு நின்றிருந்தால் எனக்கென்ன? சர்க்கரை வியாதிக்காரர். பஞ்சாயத்து ஆசுபத்திரியில் இரண்டு வேளை இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"போட்டுக்கறீங்களா மாமா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"போடறனுங்க. காத்தால ஒண்ணு."

"சாயங்காலம்?"

"ஒரு வேளைக்குன்னு பேசி முடிச்சுட்டனுங்க."

"யாருகிட்டப் பேசி முடிச்சீங்க?"

"என்ற ஒடம்புகிட்டத்தானுங்க அம்மிணி. வேற யாருகிட்டப் பேசறது?"

சொல்லுங்கள், எரிச்சல் வருமா வராதா?

அந்த முதல் நாள் அவர் வலது கன்னம் வீங்கி, அதன்மேல் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பிக்கொண்டு வந்திருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் புகையிலையை அடைத்து வைத்திருந்தார். நான் அதைத் தோண்டி எடுக்கிற நேரத்தில் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, "அம்மிணிக்கு இன்னும் கடை மொளைக்கல போலிருக்குதே" என்றார். மாட்டுக்கு வயது சொல்வது பல்லை வைத்துத்தான். இரண்டு பல் போட்டது, நாலு பல் போட்டது, கடைசிப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்தது என்று ஒரு கணக்கு. கடை முளைக்காதது கன்று. அதாவது, இந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது என்று என் சர்ட்டிபிகேட்டை விட்டுவிட்டு என் பல்லைப் பார்த்துச் சொல்கிறார். ப்ரீதா சேச்சி சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். கிளினிக் திறந்து அப்போது ஆறு மாதம். என் நாற்காலியில் அதுவரை உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

"புடுங்கிப்போடுங்க" என்றார்.

"புடுங்க வேண்டியதில்லைங்க மாமா. வேர் நல்லா இருக்குது. ரூட் கனால் பண்ணிக் காப்பாத்திப் போடலாம்."

முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, அது வேண்டாமுங்க. எங்க சம்பந்தி அதைப் பண்ணிட்டு வந்து மூணு நாளு ஊட்டுல உருண்டு பொரண்டாருங்க. மண்டைக்குள்ள ஆணி அடிச்சாப்ல இருந்துச்சாமா."

சந்தையில் முட்ட வருகிற காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவர், ரூட் கனால் என்ற பேச்சுக்கே இப்படி வேர்த்தார். நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு என்னிடம் பொறுமை இருந்தது.

"சம்பந்தி பண்ணுனது எந்தக் காலமோ தெரியாது. இப்ப அப்படி இல்லீங்க மாமா. மொதல்ல மரத்துப்போற ஊசி ஒண்ணு. எறும்பு கடிச்சாப்ல இருக்கும். அப்பறம் பாதி ஒதடு உங்களுது மாதிரியே இருக்காது. பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் துணி மாட்டுவேன், மருந்துத் தண்ணி தொண்டைக்குள்ள போகாம இருக்கறதுக்கு. பல்லு மேல சின்னதா ஒரு தொளை போட்டு, உள்ள அழுகிக் கெடக்கிற நரம்பை மயிராட்டம் இருக்கிற கம்பியை உட்டு வழிச்செடுப்பேன். வேர் எவ்வளவு நீளமுன்னு அந்த மிஷினே சத்தம் போட்டுச் சொல்லிரும். எக்ஸ்ரே இந்தா, இந்த டிவியில உங்க கண்ணு முன்னாலயே தெரியும். ஒரு மணி நேரம் வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்கணும், அவ்வளவுதான் கஷ்டம். ஊட்டுக்குப் போனா ரெண்டு மூணு நாளைக்கு மென்னா லேசா வலிக்கும். அதுக்கு மாத்திரை குடுப்பேன்."

அத்தனையும் கேட்டுக்கொண்டு, அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தன தடவைங்க?"

"மூணு. இன்னைக்குச் சீழை வடிச்சு, சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு மூடுவேன். பத்து நாள் கழிச்சு உள்ள காஞ்சிருந்தா வேரை அடைப்பேன். மூணாவது தடவை மேல கேப் மாட்டுவேன்."

"கோயமுத்தூர்ல ஒரே தடவைல முடிச்சுப்போடறாங்களாமா?"

"சீழ் இல்லாத பல்லுக்கு நானும் ஒரே தடவைல முடிப்பேன். உங்க பல்லுல கொடங்கொடமாச் சீழ் இருக்குது. அப்படியே முடிஞ்சாலும் கேப் தனிங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் விரித்துப் போட்டு, கையை என் பக்கம் நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் எந்தத் தரகரும் துண்டு நீட்டியதில்லை. அப்பா மாடு வாங்கப் போகும்போது சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன், அந்தத் துண்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். இப்போது ஒரு தரகர் தானாக நீட்டுகிறார். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டேன். மூன்று விரலைப் பிடித்தேன். அவர் ஒன்றை மடக்கினார். நான் நிமிர்த்தினேன். மறுபடி மடக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி போங்கள் என்று இரண்டு விரலை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். விளையாட்டுக்குத்தான். கேப் போட வரச் சொன்னால் வராமலா இருந்துவிடுவார்?

அன்றைக்கு வேலை ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் அவர் குறட்டை விட்டார். பொய் சொல்லவில்லை. வாயில் ரப்பர் துணி, மேலே விளக்கு, மிஷின் பீப் பீப் என்கிறது, மனிதர் தூங்குகிறார். முடிந்து எழுந்ததும் மரத்துப்போன உதட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "இதுக்கா அந்த ஆளு அந்த ஒப்பாரி வெச்சாரு?" என்று சம்பந்தியைத் திட்டினார். எனக்கு வாயெல்லாம் பல்லு. பத்தாம் நாள் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்தார். உள்ளே காய்ந்திருந்தது. வேரை அடைத்தேன். எக்ஸ்ரேயில் வேருக்குள் மூன்று குழாயும் நுனி வரை வெள்ளையாக நிரம்பியிருந்ததை அவருக்குக் காட்டினேன். நான் படித்து வந்து செய்ததிலேயே அழகான வேலை அது. ஐந்து நாள் மாத்திரை எழுதினேன். அதை அவர் மூன்று நாளில் நிறுத்தியிருக்கிறார். பிறகு தெரிந்து கேட்டதற்கு, "மீதியை எடுத்து வெச்சிருக்கறனுங்க, அடுத்த சீக்குக்கு ஆகுமில்லீங்களா" என்றார்.

மூன்றாவது தடவை வரவேயில்லை.

போன் செய்தால் எடுக்க மாட்டார், மாட்டோடு இருப்பார். பால் சங்கத்து வாசலில் பிடித்தேன். "மாமா, கேப் போடோணும், மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்களே. பேச்சு ரெண்டுதானுங்களே அம்மிணி?"

"அது விளையாட்டுக்குச் சொன்னதுங்க!"

"துண்டுக்குள்ள வெளையாட்டு ஏதுங்க?" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு பால் ஊற்ற நின்றிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார், "எனக்குத் தலைக்கே துண்டுதானுங்க. பல்லுக்கு எதுக்குங்க தொப்பி?" எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதோடு விட்டாரா? பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவி, அந்தப் பக்கத்துப் பல்லாலேயே கடித்து உரித்துக் காட்டினார். நரம்பெடுத்த பல் காய்ந்துபோன விறகு. மேலே கேப் என்று ஒன்று இறுக்கிப் பிடிக்காவிட்டால் என்றைக்காவது பிளக்கும். பிளந்தாலும் வலிக்காது, வலி சொல்ல உள்ளே நரம்பு இல்லையே. பிளவு வழியாக அழுக்கு இறங்கி வேருக்குப் போய்ச் சேருகிறவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. இதை அந்த இடத்திலேயே கத்திச் சொன்னேன். கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, "அம்மிணிக்குக் கோவம் வந்தாத்தான் மூஞ்சி டாக்டராட்ட இருக்குது" என்றார்.

இதெல்லாம் பத்தாதென்று எனக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவும் ஆரம்பித்தார். ஆமாம், பல்லுக்கும் தரகு. காசு வாங்க மாட்டார், அதைச் சொல்லிவிட வேண்டும். யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "ஊசி எறும்புக் கடிதானுங்க. நான் தூங்கிப்போட்டனுங்க" என்று தைரியம் சொல்வார். அவர் கூட்டிவந்தவர்களால்தான் என் கிளினிக் நின்றது. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒரு நாள் உள்ளே நான் வேலையாக இருக்கும்போது, வெளியே அவர் குரல் கேட்டது. பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற ஒரு அம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "டாக்டரம்மா மூணும்பாங்க. நீ அசராத. ரெண்டுக்கு நான் முடிச்சுத் தாறேன்."

கையுறையோடு வெளியே வந்தேன். "இதென்ன மாட்டுச் சந்தைன்னு நெனச்சுட்டீங்களா? வியாதிக்குமா வெலை பேசுவீங்க? மூணு தடவை வர முடியாதவங்க இப்பவே எந்திரிச்சுப் போங்க! யாரும் எனக்கு வேண்டாம்!"

இரண்டு பேர் நிஜமாகவே எழுந்து போய்விட்டார்கள். "மதி டாக்டரே, மதி" என்று, போதும் போதுமென்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே ப்ரீதா சேச்சி என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அந்தப் பால்கார அம்மா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மூன்று தடவையும் வந்தாள். இன்றைக்கும் அந்தப் பல்லால் முறுக்கு கடிக்கிறாள்.

வீட்டில் நான் அவரைத் திட்டும்போதெல்லாம் அப்பா ஒரே கதையைத்தான் சொல்வார். ஒருமுறை அப்பாவுக்கு நாலு பல் போட்ட சினை மாடு ஒன்றை அவர் பேசி முடித்துக் கொடுத்தார். துண்டை எடுத்த அடுத்த நிமிடம் வேறொரு ஆள் வந்து அதைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டான். விற்பவர் கயிற்றை விட மனமில்லாமல் நின்றார். தரகருக்கு அந்த விற்பவர்தான் பெரிய வாடிக்கை, வருடம் பத்து மாடு தரகர் மூலம்தான் விற்பார். தரகர் போய்க் கயிற்றைத் தன் கையால் அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "துண்டுக்குள்ள பேசுனதுங்க. இனிச் சாமி வந்து சொன்னாலும் மாத்த மாட்டனுங்க" என்றாராம். அந்த விற்பவர் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட்டதேயில்லை.

"நாணயமான ஆளு கண்ணு" என்பார் அப்பா.

"நாணயமாவது மண்ணாவது! மாத்திரையை ஒழுங்காத் திங்கச் சொல்லுங்க" என்பேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் அவர் மனைவி ஆட்டோவில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாடைக்குக் கீழே கழுத்து முழுக்க வீங்கிப் பலகைபோல் இறுகியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடியவிட்டுக்கொண்டிருந்தார். வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. விளக்கை அடித்துப் பார்த்தேன். அந்தப் பல் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

"எத்தன நாளாச்சு?"

"நாலு நாளா வீக்கமுங்க" என்றார் மனைவி. "போன தடவை எடுத்து வெச்ச மாத்திரை ரெண்டு இருந்துச்சுங்க. அதைப் போட்டாருங்க."

அவரைத் திட்டக்கூட நேரமில்லை. மூச்சுக் குழாயை வீக்கம் அடைத்தால் பத்து நிமிடம் தாங்காது. கிளினிக்கை அப்படியே போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆசுபத்திரிக்கு நானே கூடப் போனேன். அன்றைக்கே கழுத்தைக் கீறிச் சீழை வடித்துக் குழாய் வைத்தார்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் அவர் மனைவியையும் என்னையும் நிற்க வைத்துத் தெளிவாகச் சொன்னார்: பத்து நாளாவது படுத்திருக்க வேண்டும், தினமும் கழுவ வேண்டும், நரம்பு வழியாக மருந்து போக வேண்டும், நடுவில் விட்டால் சீழ் நெஞ்சுக்குள் இறங்கும், இறங்கினால் பிழைப்பது கஷ்டம்.

மறுநாள் போனேன். கண் விழித்திருந்தார். தொண்டை வீக்கத்தில் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்ததும் கையால் படுக்கையைத் தடவினார். என்ன தேடுகிறார் என்று புரிந்து, தலைமாட்டில் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் அதை இன்னொரு கைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் நீட்டினார்.

எத்தனை நாள் என்று கேட்கிறார்.

பத்து என்பது என் காதிலேயே இருந்தது. ஆனால் எனக்கு அந்த ஆளைத் தெரியுமே! பத்தென்றால் கையை உதறிவிட்டு இறங்கி நடப்பார். ஐந்தென்று ஆரம்பித்தால் மூன்றுக்கு மடக்குவார், பிடிவாதமாக நின்று ஐந்திலேயே நிறுத்திவிடலாம். ஐந்தாம் நாள் வந்து இன்னொரு ஐந்து பேசிக்கொண்டால் போகிறது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்தேன். துண்டுக்குள் கையை விட்டு, கொதித்துக்கொண்டிருந்த அந்த முழுக் கையையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினேன்.

அவர் விரல் எதையும் மடக்கவில்லை. கை அப்படியே விரிந்தபடி கொஞ்ச நேரம் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு என் கையைத் திரும்ப ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத் துண்டை எடுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் ஒன்றைக் குறைக்காமல் ஒப்புக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமை! வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "தரகரையே மடக்கிட்டேன், அஞ்சுல நிறுத்திப்போட்டேன்" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் கிளினிக்கில் நிறையப் பேர் இருந்தார்கள். சாயங்காலம் போகலாம் என்றிருந்தேன். போனபோது கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். காலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். டாக்டர் போகக் கூடாது, செத்துப்போவீர்கள் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தாராம். மனைவி காலைப் பிடித்து அழுதாராம். பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் கட்டில் போட்டு, மாட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கழுத்துக் கட்டுமேல் அந்தத் துண்டைச் சுற்றியிருந்தார். வெளுத்திருந்தார்.

"அறிவிருக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. "டாக்டர் பத்துன்னு சொன்னாரில்ல? காதுல உழுகலையா? கல்லாட்டம் எந்திரிச்சு வந்து உக்காந்திருக்கீங்களே, உசுருமேலயுமா பேரம்? இந்தக் கொறைக்கிற புத்தி உங்களச் சாகடிச்சாத்தான் உடுமா?"

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். குரல் கரகரவென்று காற்றாக வந்தது. "அஞ்சு ஆச்சுங்களே அம்மிணி. நாங் கொறைக்கலீங்க."

நான் அவர் கையை வெடுக்கென்று பிடித்தேன். துண்டுமில்லை மண்ணுமில்லை, அவர் மனைவி பார்க்க, மாடு பார்க்க, அந்தக் கையை ஒரு அமுக்கு அமுக்கினேன். மறுபடி இன்னொரு அமுக்கு. விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த ரெண்டாவது அமுக்க அன்னைக்கே அமுக்கியிருந்தீங்கன்னா, இருந்திருப்பனில்லீங்க" என்றார். குறை சொல்லவில்லை. விலை தப்பிப்போன மாட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "நானும் வருமுன்னு கைய வெச்சுட்டே இருந்தனுங்க."

உடனே கிளம்பச் சொன்னேன். விடியட்டும் என்று அதிலும் ஒரு பொழுதைக் குறைத்தார். விடிந்ததும் அதே ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனோம். சீழ் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்தப் பல்லின் எக்ஸ்ரே இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மூன்று குழாயும் நுனி வரை வெள்ளையாக, குறையே சொல்ல முடியாத வேலை. மூன்றை இரண்டாக்கியது யார் என்று அதில் தெரியாது. பத்தை ஐந்தாக்கியது யார் என்று ஆசுபத்திரிக் காகிதத்திலும் இல்லை.

போன வாரம்கூட ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரெண்டா முடிச்சுப்போடுங்க என்றார். ப்ரீதா சேச்சி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். பாவம், அந்த மனிதர் நான் அவரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.